அண்ணன் கட்டிய சாண் நீள அம்பாசடர்

அன்பு உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வீடு தேடி வந்து, பந்தியில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன். என்னைவிட நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால் அண்ணி என்னைத்தான் எழுதச் சொன்னார். "நீதான் ஜாஸ்தி பேசுவ. பேசறத அப்டியே எழுதிக் குடுத்துடு, வேல முடிஞ்சுது" என்றார். ஆகவே கட்டுரை நீளமாக இருந்தால் அண்ணியைக் கேளுங்கள்.

அண்ணன் கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நெல்லும் உளுந்தும் விளைவிக்கிற வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடைக்குட்டித் தங்கை நான். எனக்கு நினைவு தெரிவதற்குள் அப்பா காலமாகிவிட்டார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அண்ணன் டிராக்டர் ஓட்டப் போனார். பிறகு நெல் லாரி, பிறகு கடலூரில் வாடகைக் கார். என்னைப் படிக்கவைத்தது, அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தது, கூரையைப் பிரித்து ஓடு போட்டது எல்லாம் அண்ணன் வண்டி ஓட்டிச் சம்பாதித்ததில்தான். பின்னாளில் ஓர் அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநராக வேலை கிடைத்தது. கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். ஒரு விபத்து இல்லை, ஒரு புகார் இல்லை. யாராவது "டிரைவர்" என்று கூப்பிட்டால் பத்மபூஷண் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் பெயரில் ஒரே ஒரு கறை விழுந்தது. அதுவும் என் கல்யாணத்தில் விழுந்தது.

அப்போது அண்ணனிடம் சொந்தமாக ஒரு பழைய வெள்ளை அம்பாசடர் இருந்தது. கல்யாணம் சிதம்பரத்தில். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஜோடித்த காரில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரம், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள் என்று கீழ வீதி வழியாக மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். தங்கை மாப்பிள்ளை போகிற காரை வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று அண்ணனே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நாலு பேர் பானட்டில் ஏறிக்கொண்டார்கள். பாதி வழியில் கார் இரண்டு தரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது. சாவியை எத்தனை முறை திருகியும் பயனில்லை. கடைசியில் கோட்டும் சூட்டும் கழுத்து மாலையுமாக மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார். நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற எங்கள் சித்திக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. காரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் மெக்கானிக் என்று நினைத்து, "ஓரமா நில்லுப்பா, மாப்ள எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

"பெட்ரோல்கூட ஊத்தாம வண்டிய கொண்டாந்திருக்காரு உங்க அண்ணன்." தாலி கட்டிய பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. அண்ணன் காதுக்கும் அது போயிற்று. "பாதி டேங்க் பெட்ரோல் இருந்துச்சு. நாலு தடிப்பசங்க பானட்டு மேல ஏறி காத்து வழிய அடச்சிகிட்டா இஞ்சின் சூடாவாம என்னா செய்யும்?" என்றார். ஓட்டுநரிடம் போய்ப் பெட்ரோல் போடவில்லை என்பது, சமையல்காரரிடம் போய் அடுப்பு பற்றவைக்கத் தெரியாது என்பதைப் போன்ற பேச்சு. அண்ணனுக்கு அது ஆறவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு அந்த "ஓரமா நில்லுப்பா" ஆறவில்லை. அன்றோடு மச்சானும் மச்சானும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

முறை எதுவும் நின்றுபோனதாக யாரும் நினைக்க வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் கரும்பும் மஞ்சள் கொத்துமாகக் கடலூரிலிருந்து பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து சீர் கொடுப்பார். என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வார். "காபி குடிக்கச் சொல்லும்மா" என்பார், என்னைப் பார்த்து. "இப்பதான் குடிச்சேன்னு சொல்லு பாப்பா" என்பார் அண்ணன், அவரும் என்னைப் பார்த்து. இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அடி தூரம்தான் இருக்கும். அவர்கள் சொன்னதையே நான் திருப்பிச் சொல்லிக்கொண்டு நிற்பேன். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அழுகையாக வந்தது. ஒருவர் என்னை வளர்த்தவர், இன்னொருவர் என்னோடு வாழ்கிறவர். கண் மூடுவதற்குள் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பதைத் தவிர நான் எந்தச் சாமியிடமும் எதையும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வீட்டுக்குள் நடந்தே ஹாலைத் தேய்த்துவிடுவார் போலிருந்தது. பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள், "சும்மா இருக்காதீங்கப்பா" என்று ஒரு பெட்டியை அனுப்பிவைத்தாள். பிளாஸ்டிக் பாகங்களைப் பிரித்து ஒட்டி, நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுக்குக் கட்டுகிற மாடல் கார். ஏதோ ஒரு பழைய வெளிநாட்டுக் கார், ஏறக்குறைய அம்பாசடருக்குப் பெரியப்பா மகன் போன்ற முகம். அண்ணன் பெட்டியைத் திறந்தார், படத்தைப் பார்த்தார், பாகங்களைப் பார்த்தார். "என்னாடி இது, வைப்பரு கண்ணாடியோட கண்ணாடியா ஒட்டிகிட்டு இருக்குது. வெளக்குக்கு வயரு இல்ல. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்ல. இத கட்னவன் கார்ல ஏறினதே இல்ல" என்றார் அண்ணியிடம். பெட்டியில் இருந்ததைக் கொண்டு அப்படியே ஒட்டுகிற எண்ணத்தை அந்த இடத்திலேயே கைவிட்டார். இல்லாததை எல்லாம் தானே செய்வது, அதுவும் தன்னுடைய அந்த வெள்ளை அம்பாசடராகவே செய்வது என்று முடிவெடுத்தார். அதை யாராவது "பொம்மை" என்றால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அன்று முதல் அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.

முதலில் போனது டீ வடிகட்டி. ரேடியேட்டருக்கு முன்னால் வலை வேண்டும் என்று அதன் நடுவில் அளவாக ஒரு சதுரம் வெட்டி எடுத்துவிட்டார். எடுத்தவர் சொல்லித் தொலைக்கக் கூடாதா? வடிகட்டியைக் கழுவி அதே ஆணியில் மாட்டிவைத்திருந்தார். சம்பந்தி வீட்டார் வந்திருந்த அன்று எல்லோருடைய டம்ளரிலும் தூள் மிதந்தது. என் செல்போன் சார்ஜரின் வயர் இஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போயிற்று. அண்ணியின் நல்ல குடை சீட்டு உறையாயிற்று. விளக்கைச் சுற்றிப் பளபளப்பு வளையம் வேண்டும் என்று மாத்திரை அட்டையின் தகட்டை உரித்தார். அதற்காக மாத்திரைகளையெல்லாம் பிதுக்கி ஒரே எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டார். எது சர்க்கரைக்கு, எது பிரஷருக்கு என்று தெரியாமல் அண்ணி அந்த டப்பாவோடு மருந்துக் கடையில் நின்றது செம்மண்டலத்தில் பலருக்கும் தெரியும்.

பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை நெருப்பில் லேசாகக் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி அளவுக்கு மெல்லிய கம்பி வரும். ஏரியல் அப்படித்தான் செய்ய வேண்டுமாம். அண்ணன் அதற்குத் தேர்ந்தெடுத்த நெருப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி ஏற்றிவைத்த சாமி விளக்கு. பூஜை அறை முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். அண்ணி மணியைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, சாமிக்கே மூச்சு முட்டுது. நீங்க மனுசனா, வேற என்னாவாவதா?" என்று கேட்டார். அண்ணன் ஏரியலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நேரா வந்திருக்குது பாரு" என்றார்.

அளவு விஷயத்தில் அண்ணனிடம் யாரும் விளையாட முடியாது. பம்பரில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட வேண்டியிருந்தது. அண்ணி போனால் போகிறதென்று ஒரு வெந்தயத்தை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் காருக்கு இது பூசணிக்கா" என்று தள்ளிவிட்டார். கடுகில் மஞ்சள் வண்ணம் பூசி நூலில் கோத்த பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

விளக்குக் கண்ணாடிதான் சரியாக வரவில்லை. இங்கேதான் என் வீட்டுக்காரர் கதைக்குள் வருகிறார். அவர் சிதம்பரத்தில் பல் செட் செய்கிறவர். அதற்கென்று ஒரு மாவும் ஒரு திரவமும் உண்டு. கலந்து அச்சில் ஊற்றினால் கல் போல இறுகும். அதிலேயே நிறமில்லாத வகையும் இருக்கிறது. அண்ணன் போனில், "பாப்பா, அவருக்குத் தெரியாம கொஞ்சூண்டு எடுத்தாந்து குடு" என்றார். நானும் டிபன் பாக்ஸின் மேலடுக்கில் வைத்துக் கடத்தினேன். கீழடுக்கில் எலுமிச்சைச் சாதம். அண்ணன் செய்த கண்ணாடியில் நுரை நுரையாகக் குமிழி. அதை நான் ஊருக்குத் திரும்பும்போது கைப்பையில் போட்டு வந்திருந்தேன் போலிருக்கிறது. பஸ் டிக்கெட்டைத் தேடிய என் வீட்டுக்காரர் கையில் அது அகப்பட்டது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். "இவ்ளோ வேகமா கலக்குனா குமிழி வரத்தான் செய்யும்னு சொல்லு" என்றார். மறுநாள் அவரே ஒரு பொட்டலம் மடித்து டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துவிடுவார்.

அடுத்த கண்ணாடி குமிழியே இல்லாமல் வந்தது. "நல்ல மாவுன்னு சொல்லு" என்றார் அண்ணன். சொன்னேன்.

கார் முக்கால்வாசி முடிந்த சமயத்தில் அண்ணனுக்குக் கை நடுக்கம் கண்டது. டாக்டர் நரம்பு என்றார். மருந்து கொடுத்தார். நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. மிச்சம் இருந்தது டேஷ்போர்டு மட்டும். காகிதத்தில் வெட்டிய வட்டங்கள், வண்ணம் பூசிய குமிழ்கள், எல்லாம் சிறு தட்டில் தயாராக இருந்தன. எடுத்து வைக்கத்தான் கை ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் முழுக்க முயற்சி செய்து, ஸ்பீடாமீட்டரை டிரைவர் சீட்டின் மேல் ஒட்டிவிட்டு, அதைப் பிய்த்தெடுத்தபோது சீட்டும் கிழிந்துபோனது. அதற்கப்புறம் மேசைப் பக்கமே போகவில்லை. அண்ணி எனக்குப் போன் செய்தார். "வடிகட்டிய வெட்டட்டும், கொடைய வெட்டட்டும், என்னா வேணா வெட்டட்டும். இப்டி செவுத்தப் பாத்துகிட்டு உக்காந்திருந்தா எனக்கு பயமா இருக்குது. சோறும் சரியா எறங்க மாட்டேங்குது" என்றார். அந்த அண்ணியே அப்படிச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வேலைப் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "கெளம்பு" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுப் படியை அவர் மிதித்தது அன்றுதான்.

அண்ணன் கதவைத் திறந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். "உள்ள வரச் சொல்லு பாப்பா" என்றார் அண்ணன். நான் சொன்னேன். அவர் வந்தார்.

மேசையின் அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். நடுவில் கார். பக்கவாட்டில் நான். என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டி, இடுக்கியை எடுத்தார்.

"மொதல்ல ஸ்பீடாமீட்டர வெக்கச் சொல்லு" என்றார் அண்ணன்.

"வெச்சாச்சுன்னு சொல்லு."

"கொஞ்சம் எடப்பக்கம் தள்ளணும்."

"யாருக்கு எடப்பக்கம்னு கேளு. காருக்கா, அவருக்கா?"

"காருக்குத்தான். டிரைவர் சீட்டுல உக்காந்த மாதிரி நெனச்சிக்கச் சொல்லு."

"எனக்குத் தள்ளித்தான் பழக்கம், ஓட்டிப் பழக்கமில்லன்னு சொல்லு."

எனக்குக் கழுத்து வலித்தது. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது? அப்புறம் இவ எதுக்கு நடுவுல?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் அது மட்டும் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாக எல்லாம் உட்கார்ந்தன. கடைசியாக எஞ்சியது பெட்ரோல் முள். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் ஒரே ஒரு முடியை வெட்டிச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார் அண்ணன். என் வீட்டுக்காரர் அதை இடுக்கியால் எடுத்தார்.

"முள்ளு பாதியில நிக்கணும்னு சொல்லு" என்றார் அண்ணன்.

இடுக்கி அந்தரத்தில் நின்றது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். என் வீட்டுக்காரர் மெதுவாக, "அன்னிக்கு எங்க நின்னுச்சோ அங்க வெக்கறதா, இல்ல இவரு சொல்ற எடத்துல வெக்கறதான்னு கேளு" என்றார். மேசை மேலிருந்த அண்ணனுடைய கை இன்னும் கொஞ்சம் அதிகமாக நடுங்கியது. அதை மறைக்க மற்றக் கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். அதுவும் நடுங்கியது. என் வீட்டுக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் எல்லாக் கோயிலையும் சுற்றிவிட்டேன். பிறகு அவர் குனிந்தார். அந்த முடி அவர் மூச்சுக்காற்றில் அசைந்தது.

"மச்சான், மூச்சு வுடாதீங்க" என்றார் அண்ணன்.

என்னிடம் அல்ல. நேராக அவரிடம். அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மூச்சை அடக்கினார். முள்ளை வைத்தார். நிமிர்ந்து பூதக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அண்ணன் வாங்கிப் பார்த்தார். முள் சரியாகப் பாதியில் நின்றது.

"போதுமா மச்சான்?"

"போதும் மச்சான். சாப்புட்டுட்டுப் போங்க."

நானும் அண்ணியும் சமையலறைக்குள் போய் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். குழம்பு ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இவர்கள் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. காலையில் போன், சாயங்காலம் போன். என்ன பேசுவார்கள் என்று ஒருநாள் ஒட்டுக்கேட்டேன். தூசு துடைக்க எந்தப் பிரஷ் நல்லது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்த அண்ணன், இரண்டு காபி குடித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சில் கோளாறு வந்து கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாங்கள் போனபோது தெளிவாகத்தான் இருந்தார். என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். அன்னிக்குப் பெட்ரோல் போடல. கல்யாண வேலையில மறந்துட்டேன். மானம் போயிடும்னு இத்தன வருசம் சாதிச்சிட்டேன்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவர் காத்திருந்த வார்த்தை அது. அவர் கையை உதறிக்கொண்டார்.

"என்னா மச்சான் ஒளர்ற? பெட்ரோல் இருந்துச்சு. எம் பசங்க பானட்டு மேல ஏறினதுலதான் இஞ்சின் சூடாயி நின்னுச்சு."

"யோவ், வண்டி ஓட்டுனது நானா, நீயா? டேங்க் காலி."

"தள்ளுனது நான்யா. டேங்க்ல குலுங்குன சத்தம் எங்காதுல கேட்டுச்சு."

"நாதஸ்வரம் வாசிச்சிகிட்டு இருந்தான், உனக்கு எப்டிய்யா கேக்கும்?"

அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இருவரும் மாற்றி மாற்றி அடுத்தவருக்காகச் சண்டை போட்டார்கள். குரல் வராந்தா வரை போயிற்று. நர்ஸ் ஓடி வந்து, "பேஷண்ட இப்டி கத்த வெப்பீங்களா? வெளிய போங்க சார்" என்று என் வீட்டுக்காரரைக் கிளப்பி, கதவைச் சாத்தினார். அண்ணன் மூச்சு வாங்கப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்தாள்கிட்ட போய்ச் சொல்லு. பெட்ரோல் போடல." போனேன். "போட்டாருன்னு சொல்லு" என்றார் வராந்தாவில் நின்றவர். வந்து சொன்னேன். அண்ணன் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். மறுநாள் விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், எங்கள் வழக்கைப் பாதியில் நிறுத்திய அந்த நர்ஸ் அம்மா, கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பி, கீரப்பாளையத்திலிருந்து வண்டி கட்டி வந்த பங்காளிகள், மாத்திரைகளைப் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்த மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செம்மண்டலத்துப் பக்கத்து வீட்டார்களே, உங்கள் வீட்டில் காணாமல்போன சீப்பு, ஊக்கு, பேனா மூடி எல்லாம் காரில்தான் இருக்கின்றன. வந்து பார்த்துக்கொள்ளலாம், திருப்பித் தர இயலாது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். முழுக்கப் படித்தார். ஒரே ஒரு திருத்தம் கேட்டார்.

"ஆஸ்பத்திரி பேச்செல்லாம் வேணாம். பெட்ரோல் இருந்துச்சுன்னு போடு."

"அண்ணனே இல்லன்னு சொன்னாரேங்க."

"அவரு டிரைவரு. அவரு பேர் போட்ட புக்குல அப்டி வரக்கூடாது" என்றார். எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

எழுதியதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை, அவர் சொன்னதைத் தட்டவும் மனம் வரவில்லை. ஆகவே உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். என் மாப்பிள்ளை அழைப்பன்று அண்ணனுடைய காரில் பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. தள்ளியவரே சொல்கிறார்.